பல்லில் காரணம் இல்லாத பல்வலி

பல் சொத்தையானால் வலிக்கும், அந்தப் பல்லை எடுத்துவிட்டால் வலி போய்விடும் என்பது பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் தலைமுறை தலைமுறையாக வேரூன்றிய நம்பிக்கை. பெரும்பாலான பல்வலிகளுக்கு அது பொருந்தவும் செய்கிறது. ஆனால் சொத்தை இல்லாமல், ஈறு வீங்காமல், எக்ஸ்ரேயில் ஒரு குறையும் தெரியாமல், மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் தாடையிலோ கன்னத்திலோ ஒரு கடைவாய்ப் பல்லைச் சுற்றியோ குடிகொண்டிருக்கும் வலி ஒன்று உண்டு. அதற்கு ஆளானவர் பல் மருத்துவரிடம் போகிறார், ‘பல் நன்றாகத்தான் இருக்கிறது’ என்ற விடை கிடைக்கிறது. வேறொருவரிடம் போகிறார், ஒரு பல்லுக்கு வேர் சிகிச்சை நடக்கிறது. வலி நிற்காததால் அந்தப் பல் எடுக்கப்படுகிறது. சில வாரங்களில் பக்கத்துப் பல் வலிக்கத் தொடங்குகிறது. இவ்வுரை எடுத்துக்கொள்ளும் பொருள் அந்த வலியே. பழுதில்லாத பல்லை எடுப்பதால் அது தீர்வதில்லை என்பதும், பல் மருத்துவரின் குறடு கீழே வைக்கப்பட வேண்டிய அந்த இடத்தில்தான் உண்மையான மருத்துவம் தொடங்க வேண்டும் என்பதும் இவ்வுரை வலியுறுத்தும் கருத்து.

இது புதிய நோயன்று. லண்டனில் வாழ்ந்த அறுவை மருத்துவர் ஜான் ஹண்டர் 1778இல் வெளியிட்ட பல் நோய்கள் பற்றிய நூலில், பற்களோடு தொடர்பே இல்லாத, ஆயினும் பற்களின் மேலேயே பழி விழுகின்ற ஒரு தாடை வலியை விவரித்திருக்கிறார். ஐயத்துக்குள்ளான பல் எடுக்கப்படுகிறது, வலி நிற்கவில்லை. அடுத்த பல்லும் எடுக்கப்படுகிறது. ஒரு பக்கத்துப் பற்கள் அனைத்தும் போன பின்னும் தாடையில் வலி அப்படியே இருந்த நோயாளிகளைத் தாம் அறிந்ததாக அவர் எழுதினார். மயக்க மருந்தோ மரப்பு ஊசியோ இல்லாத காலத்தில் அத்தனை பற்களையும் பிடுங்கிக்கொள்ள ஒருவர் இசைந்தார் என்றால், அவரை வாட்டிய வலியின் கடுமையை அதிலிருந்தே உணரலாம். அதன் பின் ஏறத்தாழ 250 ஆண்டுகள் கடந்தும் அதே வரிசையில் பற்களை இழக்கும் மனிதர்கள் இருக்கிறார்கள் என்பது வருத்தத்துக்குரியது.

இன்றைய மருத்துவம் இவ்வலியைத் தனி நோயாக ஏற்றுக்கொண்டிருக்கிறது. பன்னாட்டுத் தலைவலிச் சங்கத்தின் 2018ஆம் ஆண்டு வகைப்பாடும், வாய், முக வலிகளுக்கென்றே 2020இல் வெளிவந்த பன்னாட்டு வகைப்பாடும் அதற்கு இலக்கணம் வகுத்துள்ளன. முகத்திலோ வாயிலோ நாள்தோறும் 2 மணி நேரத்துக்கு மேல், 3 மாதங்களுக்கு மேலாக நீடிப்பது. இன்ன புள்ளி என்று விரல் வைத்துக் காட்ட முடியாதபடி பரவியோ ஆழத்திலோ இருப்பது. மந்தமாக, கடுகடுவென்று, ஓயாமல் நச்சரிப்பது. நரம்புப் பரிசோதனையில் குறை காணப்படாதது. பல் நோய்கள் முறையாகத் தேடி விலக்கப்பட்டிருப்பது ஆகியவை ஒருங்கே அமைந்தால் அது காரணமறியாத் தொடர் முகவலி எனப்படும். அதே தன்மையுள்ள வலி ஒரு பல்லிலோ, பல் எடுத்த இடத்திலோ மட்டும் நிலைகொண்டால், அது காரணமறியாத் தொடர் பல்வலி. நடு வயதுப் பெண்களிடம் இது கூடுதலாகக் காணப்படுகிறது. காரணமறியாதது என்ற அடைமொழியால், வலி கற்பனை என்றோ பொய் என்றோ பொருள் கொள்வது பெரும் தவறு. தெரியாமல் இருப்பது காரணம் மட்டுமே, வலி அன்று.

வலி இருக்கும் இடமும் வலியின் பிறப்பிடமும் வேறு வேறாக இருக்க முடியும் என்பதைப் புரிந்துகொள்ள முகத்தின் நரம்பமைப்பைச் சிறிது அறிய வேண்டும். முகத்தின் தொடுவுணர்வு, வெப்பம், வலி ஆகியவற்றை மூளைக்கு எடுத்துச் செல்வது ஐந்தாம் மூளை நரம்பு; இரு பக்கமும் மும்மூன்று கிளைகளாகப் பிரிவதால் அது முக்கிளை நரம்பு எனப்படுகிறது. முதற்கிளை நெற்றிக்கும் கண்ணுக்கும், இரண்டாவது கன்னத்துக்கும் மேல்வரிசைப் பற்களுக்கும், மூன்றாவது கீழ்த்தாடைக்கும் கீழ்வரிசைப் பற்களுக்கும் உரியவை. பற்கள், ஈறு, மெல்லும் தசைகள், மேல்தாடை எலும்பினுள் இருக்கும் சைனஸ் என்னும் காற்றறை, தாடை மூட்டு ஆகிய எல்லாவற்றிலிருந்தும் வரும் இழைகள் மூளைத் தண்டில் ஏறத்தாழ ஒரே இடத்தில் வந்து, பல இழைகளுக்கு ஒரு செல் என்ற கணக்கில் முடிகின்றன. ஆகவே கன்னத்துத் தசை இறுகினால் கடைவாய்ப் பல் வலிப்பதாகவும், சைனஸில் சீழ் கட்டினால் மேல்வரிசைப் பற்கள் ஒருசேர வலிப்பதாகவும் மூளை கணக்கிட்டுவிடுகிறது. நோயாளி விரல் வைத்துக் காட்டும் பல்லுக்கு அங்கே எந்தக் குற்றமும் இல்லை.

இதனினும் ஆழமான மாற்றம் ஒன்று உண்டு. நரம்பு அடிபட்டாலோ, நீண்ட நாள் தூண்டப்பட்டாலோ, அதை ஏற்கும் மூளைத் தண்டுச் செல்கள் கூருணர்வு கொண்டவையாக மாறிவிடுகின்றன. நரம்பியலார் இதை மைய நரம்பு மண்டலத்தின் உணர்மிகை என்பர். ஒருமுறை உடைந்த வாய்க்கால் கரை வழியே பிறகு வரும் சிறு நீரும் வெளியே பாய்ந்துவிடுவது போல, வலியென்று எண்ணத் தகாத சிறு தூண்டலும் அப்போது வலியாகிவிடுகிறது. புண் ஆறிய பின்னும் வலி ஆறுவதில்லை. வேர் சிகிச்சை என்பது பல்லின் உள்ளிருக்கும் நரம்பை எடுத்துவிடும் செயல், பல் பிடுங்குவது அந்த நரம்பின் நுனியை அறுக்கும் செயல். மிகத் தேவையானபோது இவை உயிர் காப்பவை, ஆனால் நரம்பின் நோக்கில் இரண்டும் காயங்களே. வேர் சிகிச்சை செய்துகொண்டவர்களில் ஏறத்தாழ 5 விழுக்காட்டினருக்கு 6 மாதங்களுக்குப் பின்னும் ஏதோ ஒரு வலி எஞ்சுகிறது என்று 2010இல் வெளியான தொகுப்பாய்வுகள் கணக்கிட்டன. அவர்களுள் பாதிக்கும் மேற்பட்டோருக்கு அந்த வலியின் ஊற்று பல்லன்று என்பதும் அவற்றில் தெரியவந்தது. பழுதில்லாத பல்லின் மேல் நடத்தப்படும் ஒவ்வொரு சிகிச்சையும் ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருக்கும் நரம்புக்கு இன்னொரு காயத்தைத் தருகிறது என்பதால்தான் இவ்வுரை அதை இத்தனை அழுத்தமாக மறுக்கிறது.

இல்லாத பல் வலிக்குமா என்று கேட்போருக்கு, இல்லாத கை வலிக்கும் என்பது விடை. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்ற நரம்பியல் அறிஞர் விளையனூர் ராமச்சந்திரன், துண்டிக்கப்பட்ட கையில் வலியை உணர்வோரை 1990களில் ஆராய்ந்து, அவர்களுள் சிலரது முகத்தைத் தொட்டபோது இல்லாத கையின் விரல்களில் தொடுவுணர்வு எழுவதைக் கண்டறிந்தார். மூளையின் மேற்பரப்பில் கைக்குரிய பகுதியும் முகத்துக்குரிய பகுதியும் அடுத்தடுத்து இருப்பதால், கையின் இடத்தை முகம் எடுத்துக்கொண்டது என்று அவர் விளக்கினார். உடலின் வரைபடம் மூளையில் இருக்கிறது, அது மாறக்கூடியது என்ற அந்த உண்மை பல்லுக்கும் பொருந்தும். பல் எடுத்த குழி ஆறி, ஈறு மூடி, பொய்ப்பல் கட்டிய பிறகும் அதே பல்லில் வலி இருப்பதாகச் சொல்பவர் பிதற்றவில்லை.

இவ்வளவு சொன்ன பின்னும், காரணம் தேடாமலே காரணமறியா வலி என்று முத்திரை குத்துவது அதே அளவு தீங்கானது என்பதையும் சொல்லியாக வேண்டும். தேடல் பல்லிலிருந்தே தொடங்க வேண்டும். எக்ஸ்ரேயில் தெரியாத மெல்லிய விரிசல் ஒன்று, கடிக்கும்போது மட்டும் சுரீரென்று வலித்து ஏமாற்றக்கூடும். தேர்ந்த பல் மருத்துவர் ஒவ்வொரு பல்லையும் கருவியின் காம்பால் மெல்லத் தட்டிப் பார்ப்பார். குளிர்ந்த பஞ்சை வைத்துக் கூச்சம் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கவனிப்பார். தனித்தனியாக ஒவ்வொரு முனையிலும் கடிக்கச் சொல்வார். காதின் முன்புறம் விரல் வைத்து வாயைத் திறந்து மூடச் சொல்லி, தாடை மூட்டில் சத்தமோ வலியோ உண்டா என்று பார்ப்பார். இவற்றுள் சிறந்த சோதனை எளிய மரப்பு ஊசி. ஐயப்படும் பல்லை முழுமையாக மரத்துப் போகச் செய்த பின் வலி அறவே நின்றுவிட்டால் ஊற்று அந்தப் பக்கத்தில் இருக்கலாம். உதடும் ஈறும் மரத்துப் போன பின்னும் வலி குறையாமல் இருந்தால், அது அந்தப் பல்லுக்கு அப்பால் எங்கோ பிறக்கிறது. சில நிமிடங்களில் முடிந்துவிடும் இச்சோதனை, ஒரு பல்லைக் காப்பாற்றக் கூடியது. அதன் விடை சிலரிடம் அரைகுறையாக வருவதும் உண்டு; அப்போது பொறுத்திருந்து மீண்டும் பார்ப்பதே நன்று.

பல்வலி வேடத்தில் வரும் வேறு நோய்களுள் ஒன்றை விரிவாகச் சொல்ல வேண்டும். முக்கிளை நரம்பு வலி, அதாவது ட்ரைஜெமினல் நியூரால்ஜியா, மேற்சொன்ன மந்தமான வலிக்கு நேர் எதிரானது. மின்சாரம் தாக்கியது போல ஒரு நொடி முதல் 2 நிமிடம் வரை வெட்டி இழுத்து, சட்டென நின்று, மீண்டும் வரும். முகம் கழுவுவது, பல் துலக்குவது, ஒரு வாய் சோறு மெல்லுவது, இருசக்கர வண்டியில் போகும்போது கன்னத்தில் படும் மார்கழிக் குளிர்காற்று ஆகியவையே அதைக் கிளப்பப் போதும். 50 வயதுக்கு மேற்பட்டோரிடமே பெரிதும் வரும். பெரும்பாலோரிடம் மூளைத் தண்டருகே ஒரு இரத்தக் குழாய் அந்த நரம்பின் வேரை அழுத்திக்கொண்டிருப்பதே காரணம். இந்தி நடிகர் சல்மான் கான் இந்நோய்க்காக 2011இல் அமெரிக்காவில் சிகிச்சை பெற்று, பின்னர் பொதுமேடைகளில் அதைப் பற்றி வெளிப்படையாகப் பேசியதால், நம் நாட்டில் பலர் இப்பெயரை முதன்முதலாகக் கேள்விப்பட்டார்கள். இந்நோயிலும் தொடக்கத்தில் பற்கள் வீணாக எடுக்கப்படுவது உலகெங்கும் வழக்கமாக இருக்கிறது. மருந்து நன்றாகக் கேட்கும் நோய் என்பதால், அடையாளம் காணத் தவறுவது கூடுதல் கொடுமை.

வேறு சில அறிகுறிகள் காத்திருக்க இடம் தராதவை. நடக்கும்போதோ மாடிப்படி ஏறும்போதோ கீழ்த்தாடையில் வந்து, உட்கார்ந்தால் அடங்கும் வலி இதயத்திலிருந்து வரலாம். உதடோ கன்னமோ மரத்துப் போவது, வாய் திறக்க முடியாமல் இறுகுவது, வெற்றிலையும் புகையிலையும் ஒதுக்கும் பக்கத்தில் ஆறாத புண் இருப்பது ஆகியவை புற்றுநோயை நினைக்கச் செய்ய வேண்டும். சர்க்கரை நோய் கட்டுக்கடங்காதவருக்கு முகவலியும் வீக்கமும் பல் ஆட்டமும் சேர்ந்து வந்தால், 2021 மே மாதத்தில் தமிழக அரசு அறிவிக்கத்தக்க நோயாக அறிவித்த கருப்புப் பூஞ்சை நோயாக இருக்கக்கூடும். முதியவருக்குப் புதிதாகப் பொட்டில் வலியும் மெல்லும்போது தாடைச் சோர்வும் வருமானால், கண் பார்வையைக் காக்க அன்றே மருத்துவரைக் காண வேண்டும்.

பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிகளில் இவ்வலியின் பயணம் பல் மருத்துவரிடம் தொடங்குவதில்லை. பருத்தி எடுப்பு, மக்காச்சோள அறுவடை, சின்ன வெங்காய நடவு, சிமெண்ட் ஆலை வேலை, சுண்ணாம்புக்கல் லாரி என்று நாளுக்கு நாள் கூலி கணக்கிடப்படும் வாழ்வில் ஒரு நாள் மருத்துவமனைக்குப் போவது ஒரு நாள் வருமானத்தை இழப்பது. எனவே முதலில் கிராம்புத் தைலம், பிறகு மெடிக்கல் கடையில் கேட்டு வாங்கும் ‘ஒரு செட் மாத்திரை’. அந்தப் பொட்டலத்தில் இருக்கும் டைக்ளோபினாக் போன்ற மாத்திரைகள் வீக்கத்தால் வரும் வலியைத் தணிப்பவை. நரம்பில் பிறக்கும் வலியில் அவற்றுக்குப் பெரும்பாலும் வேலை இல்லை. வேலை செய்யாததால் நிறுத்தப்படுவதற்குப் பதிலாக அளவு கூட்டப்படுகின்றன. மாதக்கணக்கில் விழுங்கப்படும்போது வயிற்றில் புண்ணும் சிறுநீரகத்தில் சிதைவும் வருகின்றன.

தமிழக ஊர்ப்புறங்களில் பல் புழு எடுக்கும் வழக்கமும் இருந்து வந்திருக்கிறது. காய்ந்த கண்டங்கத்திரி விதையைத் தணலில் இட்டு, எழும் புகையைக் குழல் வழியே வாய்க்குள் செலுத்தி, சற்று நேரம் கழித்துத் தண்ணீரில் மிதக்கும் வெண்மையான துணுக்குகளைப் பல்லிலிருந்து விழுந்த புழுக்கள் என்று காட்டுவார்கள். பல்லில் புழு இருப்பதாக எண்ணியது பழைய பாபிலோனியரும்தான். ஐரோப்பாவில் இதே புகை முறை குரோசாணி ஓம விதையைக் கொண்டு செய்யப்பட்டது, அங்கே புழுவாகக் காட்டப்பட்டவை சூட்டில் வெடித்த விதையின் முளைக்கருக்களே என்று பின்னர் தெரியவந்தது. புகையை ஏற்றுக்கொண்டவருக்கு வலி குறைந்ததாகச் சொல்லப்படுவது முழுப் பொய்யுமன்று. தொடர் வலிகள் ஏறியும் இறங்கியும் வருவன. வலி உச்சத்தில் இருக்கும்போதே மனிதர் எதையும் செய்து பார்க்கத் துணிகிறார், அதன் பின் வலி தானே இறங்குகையில் கடைசியாகச் செய்த செயலுக்குப் பெயர் கிடைத்துவிடுகிறது. இதே மயக்கம் புகைக்கு மட்டுமன்றி வேர் சிகிச்சைக்கும் பல் பிடுங்குதலுக்கும் பொருந்தும் என்பதை மருத்துவர்களும் கவனத்தில் கொள்வது நல்லது.

சிகிச்சைக்கு வரும்போது, மருந்துகள் புதியவையும் அல்ல, விலை மிக்கவையும் அல்ல. மந்தமான தொடர் முகவலிக்குப் பெரிதும் பயன்படுவது அமிட்ரிப்டிலின். இரவில் 10 மில்லிகிராம் என்ற சிறு அளவில் தொடங்கி மெல்ல உயர்த்தப்படும். நாட்களில் அன்று, வாரங்களில்தான் பலன் தெரியும். வாய் உலர்வதும் மலச்சிக்கலும் தூக்க மயக்கமும் வரக்கூடும். இதயத் துடிப்பில் கோளாறோ கண் அழுத்த நோயோ புராஸ்டேட் வீக்கமோ உள்ளவருக்கு ஏற்றதாக இராது. காபாபென்டின், பிரிகாபலின், டியூலாக்செடின் ஆகியவையும் சிலருக்குக் கைகொடுக்கின்றன. முக்கிளை நரம்பு வலிக்கோ முதல் மருந்து கார்பமசெபின். 1962 முதல் அதற்குப் பயன்பட்டு வருகிறது. அது இரத்தத்தில் சோடியத்தைக் குறைக்கலாம். ஆசியரிடையே காணப்படும் ஒருவகை மரபணு உடையவருக்குத் தோலையே உரிக்கும் கடும் ஒவ்வாமையைத் தரலாம் என்பதால், தொடங்கிய முதல் வாரங்களில் உடலில் தடிப்போ வாய்ப்புண்ணோ தோன்றினால் உடனே மருத்துவரைப் பார்த்தாக வேண்டும். மருந்துக்கு அடங்காதவருக்கு அழுத்தும் இரத்தக் குழாயை நரம்பிலிருந்து விலக்கி வைக்கும் அறுவை சிகிச்சை இருக்கிறது.

இங்கே மருந்தின் வேதியியலைவிட மருந்தைப் பற்றிய பேச்சே முடிவைத் தீர்மானிக்கிறது. அமிட்ரிப்டிலின் மனச்சோர்வுக்கும் கார்பமசெபின் வலிப்புக்கும் தரப்படும் மருந்துகள். மருந்துக் கடைக்காரரோ படித்த உறவினரோ ‘இது மன நோய்க்குத் தரும் மாத்திரை ஆயிற்றே’ என்று ஒரு சொல் சொல்லிவிட்டால், அன்றிரவே மாத்திரை பரணுக்குப் போய்விடுகிறது. மனம் கெட்டதால் தரப்படவில்லை, நரம்பில் வலியைக் கடத்தும் வேதிப்பொருள்களைத் திருத்தத் தரப்படுகிறது, மனச்சோர்வுக்குத் தரும் அளவில் இது சிறு பங்கு என்ற 3 செய்திகளைச் சீட்டு எழுதும்போதே நோயாளியிடமும் உடன் வந்தவரிடமும் சொல்லிவிடுவது மருத்துவத்தின் பாதி. நாள்பட்ட வலி உறக்கத்தைக் கெடுத்து மனத்தைச் சோர வைப்பது இயல்பு. அதற்கு ஆற்றுப்படுத்தலும், எண்ணத்தையும் நடத்தையையும் மெல்ல மாற்றும் பயிற்சியும் உதவும். 2022 அக்டோபர் முதல் இயங்கும் டெலி மனஸ் சேவையை 14416 என்ற எண்ணில் தமிழிலேயே பெறலாம். வலி தாங்காமல் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழுமானால், அதை வீட்டாரிடமும் மருத்துவரிடமும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும், கேட்பவர் அதைக் கடிந்துகொள்ளக் கூடாது.

வீட்டுக்குள் இவ்வலி படும் பாடு தனிக் கதை. முகத்தில் வீக்கமில்லை, காய்ச்சல் இல்லை, சோறு ஆக்குகிறாள், வேலைக்குப் போகிறாள், ஆனால் வலி வலி என்கிறாள் என்று சொல்லும் குடும்பங்கள் உண்டு. பெண்ணின் வலியை நம்ப மறுக்கும் பழக்கம் மருத்துவமனைக்குள்ளும் இருக்கிறது. நம்பப்படாதவர் தம் வலியை மெய்ப்பிக்க வேண்டிய கட்டாயத்துக்கு ஆளாகிறார். ஒரு பல்லைப் பிடுங்கிக் காட்டுவதே அதற்குக் கைக்கெட்டும் சான்றாக அவருக்குத் தோன்றுகிறது. ‘எடுத்துவிடுங்கள் டாக்டர், பரவாயில்லை’ என்று நோயாளியே மன்றாடுவதன் பின்னணி இதுவாக இருக்கக்கூடும். மறுக்கும் மருத்துவர் ‘உங்களுக்கு ஒன்றுமில்லை’ என்று அனுப்பிவிடாமல், ‘வலி உண்மை, அது பல்லில் இல்லை, அதற்கு வேறு மருத்துவம் இருக்கிறது’ என்று சொல்லி அடுத்த தேதியைக் குறித்துக் கொடுத்தால், பல வாய்களில் பற்கள் மிஞ்சும்.

பெரம்பலூர், அரியலூர் ஆகிய இரு மாவட்டங்களிலும் இந்த மருத்துவத்துக்கான வழித் தொலைவு முன்பைவிடக் குறைந்திருக்கிறது. 1995 வரை இரண்டும் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதிகள். பெரிய நோய் என்றால் திருச்சி பெரியாஸ்பத்திரி என்பதே நடைமுறை. இன்று பெரம்பலூரில் மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனை இருக்கிறது. அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரி 12 அன்று தொடங்கி வைக்கப்பட்டது. பல் மருத்துவத்தின் உயர்நிலைக் கருத்துக்குச் சிதம்பரத்து அரசு பல் மருத்துவக் கல்லூரியும், 2023இல் தொடங்கிய புதுக்கோட்டைக் கல்லூரியும் எட்டும் தொலைவில் உள்ளன. குறை கட்டடங்களில் இல்லை, துறைகளுக்கிடையே இருக்கிறது. பல் பிரிவில் ‘பல் சரி’ என்று எழுதி அனுப்பப்படுபவர் பொது மருத்துவப் பிரிவில் ‘பல் மருத்துவரைப் பார்க்கவும்’ என்று திருப்பப்படுகிறார். வாரத்தில் ஒரு முற்பகல், பல் மருத்துவரும் பொது மருத்துவரும் ஒரே அறையில் அமர்ந்து 3 மாதத்துக்கு மேற்பட்ட முகவலிக்காரர்களை மட்டும் பார்த்தால், புதிய கருவியோ புதிய பணியிடமோ இன்றியே இந்த அலைச்சல் நின்றுவிடும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து இரத்த அழுத்த மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் தரும் பெண் தன்னார்வலர்களும், நாள்பட்ட முகவலி உடையவரை அடையாளம் கண்டு அந்த அறைக்கு அனுப்பலாம்.

அதுவரை நோயாளியின் கையில் இருக்கக்கூடிய வலிய கருவி ஒரு பள்ளி நோட்டு. வலி வந்த நேரம், நின்ற நேரம், மெல்லும்போதா காற்றுப் பட்டா ஓய்விலா என்ற விவரம், மந்தமா மின்சாரம் தாக்கியது போன்றதா என்ற தன்மை, அன்று விழுங்கிய மாத்திரை ஆகியவற்றை 2 வாரம் எழுதி வைத்தால், எழுதத் தெரியாதவருக்காகப் பள்ளியில் படிக்கும் பிள்ளை எழுதிக் கொடுத்தால், மருத்துவர் 5 நிமிடத்தில் கேட்டறிய முடியாததை ஒரே பார்வையில் அறிந்துகொள்வார். அந்த நோட்டின் முதல் பக்கத்தில், இதுவரை எந்தப் பல்லுக்கு, எந்தத் தேதியில், என்ன செய்யப்பட்டது, அதன் பின் வலி குறைந்ததா, எத்தனை நாள் குறைந்தது என்று வரிசையாக இருக்க வேண்டும். அடுத்த பல்லைத் தொடுமுன் மருத்துவர் வாசிக்க வேண்டிய பக்கம் அது.